அந்த ஏழாவது வாக்கு: ‘சக்சஷன்’ முடிவைப் பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிய கேள்வி. ‘சக்சஷன்’ தொடரின் கடைசி எபிசோடில் ஷிவ் ராய் ஏன் இறுதி நிமிடத்தில் அண்ணனைக் கைவிட்டு எதிர்த்தரப்புக்கு வாக்களித்தாள்? பொறாமையா, கணக்குப் போட்டுச் செய்ததா, அல்லது முடிவு அதிர வேண்டும் என்பதற்காகக் கதாசிரியர் அவள் கையைப் பிடித்து இழுத்தாரா? ஆனால் கடைசி வரியில் நீங்கள் எழுதியிருப்பது வேறு: நான்கு சீசன் பொறுமையாகப் பார்த்த பிறகு ஏமாற்றப்பட்டதுபோல் இருக்கிறது, இந்த உணர்வு நியாயமானதா என்று கேட்கிறீர்கள். அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு முடிவு பாத்திரங்களுக்குள்ளிருந்து விளைந்ததா, வெளியிலிருந்து ஒட்டப்பட்டதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி அது.

தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுவதும், பிறர் எழுதிய பிரதிகளைத் திருத்திக் கொடுப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். அந்த அனுபவத்திலிருந்தே பேசுகிறேன். முழுக் கதையும் இதில் வெளிப்படும் என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. பார்த்து நாளானவர்களுக்காகச் சுருக்கம்: ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய இந்த அமெரிக்க அங்கத நாடகம் 2018 ஜூன் முதல் 2023 மே 28 வரை எச்பிஓவில் 39 எபிசோடுகளாக ஓடியது. வேஸ்டார் ராய்கோ என்ற ஊடகப் பேரரசின் அதிபர் லோகன் ராய். அவர் நாற்காலிக்கு மோதும் பிள்ளைகள் கெண்டல், ரோமன், ஷிவ். ஓரமாக நிற்கும் மூத்தவன் கானர். நான்காம் சீசனின் மூன்றாவது எபிசோடிலேயே லோகன் இறந்துவிடுகிறார். ஸ்வீடனைச் சேர்ந்த மாட்சன் தன் கோஜோ நிறுவனத்துக்காக வேஸ்டாரை வாங்க வருகிறான். விற்பதா வேண்டாமா என்று இயக்குநர் குழு வாக்கெடுப்பு நடத்துகிறது. 6–6 என்று நிற்கும்போது ஷிவின் வாக்கு மட்டும் மிச்சம். அவள் விற்பனைக்கு ஆதரவாக வாக்களிக்க, 7–6 என்று நிறுவனம் கைமாறுகிறது. அமெரிக்கத் தலைமைச் செயல் அதிகாரியாக அமர்வது அவளுடைய கணவன் டாம்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றைப் பிரித்துவிடுவோம். விவாதங்களில் பாதி, திரையில் இருப்பதையே மறந்துவிட்டு நடக்கின்றன. மாட்சன் தன்னை அமெரிக்கத் தலைவராக்குவான் என்று நம்பித்தான் ஷிவ் அவன் பக்கம் நின்றாள். அவன் அவளைக் கழற்றிவிட்டது தெரிந்ததும் அண்ணன்களோடு சேர்கிறாள். பார்படோஸில் தாயின் வீட்டில் மூவரும் ஒன்றுசேர்ந்து கெண்டலையே தலைவனாக்குவது என்று முடிவெடுக்கிறார்கள். மாட்சன் தேர்ந்தெடுத்திருப்பது டாமைத்தான் என்பதும் வாக்கெடுப்புக்கு முன்பே அவளுக்குத் தெரியும். அதற்காக டாமை அவள் வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். ஆகவே ‘தெரியாமல் வாக்களித்துவிட்டாள்’ என்ற வாதத்துக்கு இடமில்லை. ‘முன்கூட்டியே டாமோடு சதி செய்தாள்’ என்ற வாதத்துக்கும் திரையில் ஒரு சான்றுகூடக் கிடையாது. குழு அறைக்குள் நுழையும்போது அவள் கெண்டலுக்கு வாக்களிக்கும் எண்ணத்தோடுதான் நுழைகிறாள் என்றே காட்சிகள் சொல்கின்றன.

பிறகு என்ன நடந்தது? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கூட்டத்துக்குச் சற்று முன், லோகனின் அறையில் கெண்டல் அப்பாவின் நாற்காலியில் சாய்ந்து, மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டு உட்காருகிறான். அதை ஷிவ் பார்க்கிறாள். கதவருகே நிற்கும் அவள் முகத்தில் கேமரா ஒரு கணம்தான் தங்குகிறது. வசனம் எதுவும் இல்லை. அதே நேரத்தில் ரோமன், நான் ஏன் தலைவன் இல்லை என்று உடைகிறான். கெண்டல் அவனை ஆறுதலாக அணைப்பதுபோல் அணைக்கிறான். ஆனால் ரோமனின் நெற்றியில் முந்தைய எபிசோடின் கலவரத்தில் பட்ட காயத்துக்குத் தையல் போட்டிருக்கிறது. கெண்டல் அந்தத் தலையைத் தன் தோளில் இறுக்க இறுக்க, தையல் பிரிந்து இரத்தம் கசிகிறது. அன்பும் வன்முறையும் ஒரே அசைவில் நிகழும் இந்த இடத்தை எழுத்தில் வைத்தவருக்கும் நடித்த இருவருக்கும் நான் தலைவணங்குகிறேன். அப்பா கையாண்ட ஆயுதம் மகன் கைக்கு வந்துவிட்டது என்பதை ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் சொல்லிவிடுகிறது இது.

வாக்கெடுப்பில் ஷிவின் முறை வரும்போது அவள் எழுந்து வெளியே போகிறாள். மூவரும் கண்ணாடிச் சுவர் கொண்ட பக்கத்து அறைக்குள் சண்டையிடுகிறார்கள். குழு உறுப்பினர்களும் அலுவலகமும் பார்க்கக்கூடிய இடம் அது. ‘நீ இதைச் சரியாகச் செய்வாய் என்று நான் நினைக்கவில்லை’ என்கிறாள். கெண்டல் கெஞ்சுகிறான்: ஏழு வயதில் அப்பா தனக்கு வாக்குக் கொடுத்ததையும், இது கிடைக்காவிட்டால் தன்னால் வாழவே முடியாது என்பதையும் சொல்கிறான். ‘நீ ஒருவனைக் கொன்றவன்’ என்று ஷிவ் சொன்னதும், ‘எது?’ என்று கேட்கிறான். முதல் சீசன் முடிவில், ஷிவின் திருமண இரவில், போதைப்பொருள் தேடிக் கெண்டல் அழைத்துப்போன பணியாளன் காரோடு நீரில் மூழ்கி இறந்ததைப் பற்றித்தான் பேச்சு. மூன்றாம் சீசன் முடிவில் மண் தரையில் சரிந்து உட்கார்ந்து இதே தம்பி தங்கையிடம் அதை ஒப்புக்கொண்டவன், இப்போது, அப்படி ஒன்று நடக்கவே இல்லை, நான் கற்பனை செய்துகொண்டது என்கிறான்.

இந்த மறுப்பைத்தான் முடிவின் அச்சாணியாக நான் பார்க்கிறேன். மேசைமேல் போட்ட கால் ஷிவைத் தயங்க வைத்தது. வாக்கை மாற்ற வைத்தது இந்தப் பொய். அந்த வாக்குமூலம்தான் மூன்று பேரும் வாழ்நாளில் ஒருமுறையாவது உண்மையாக ஒருவரையொருவர் தொட்ட நேரம். அதையும் பதவிக்காக விலைபேசிவிட்டான் என்றால், அவனோடு பகிர்ந்துகொள்ள அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. ‘நான்தான் மூத்த மகன்’ என்று அவன் கத்துவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்; கானர் என்று ஓர் அண்ணன் இருப்பதையே அவன் மறந்துவிட்டான் என்று சிரிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அதற்குச் சற்று முன்பே அவன் தோற்றுவிட்டான். ‘எது?’ என்ற அந்தக் கேள்வியிலேயே ஷிவின் முகம் மாறுவதைச் சாரா ஸ்னூக் நடித்திருக்கும் விதத்தில் பாருங்கள்.

இந்த வாசிப்புக்கு வெளியிலிருந்தும் ஓர் ஆதாரம் உண்டு. நான்கு சீசன்களின் இறுதி எபிசோடுகளுக்கும் தலைப்பு, அமெரிக்கக் கவிஞர் ஜான் பெரிமனின் ஒரே கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கவிதையின் நாயகன், தான் யாரையோ கொன்றுவிட்டதாக ஓயாத குற்ற உணர்வில் தவிக்கிறான். விடியற்காலையில் எல்லோரையும் எண்ணிப் பார்க்கிறான், யாரும் குறையவில்லை. கண் திறந்திருந்தும் எதையும் காணாதவன் அவன். கெண்டலின் கதை இதன் தலைகீழ்: இங்கே ஒருவன் உண்மையாகவே இறந்துவிட்டான், கொடிய வசதி என்னவென்றால் அவனை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் சீசன் முடிவிலேயே இந்தக் கவிதையைக் கையில் எடுத்த எழுத்தாளர், கடைசி மோதலை அந்தப் பையனின் மரணத்தில் கொண்டுவந்து நிறுத்தியதைத் திடீர்த் திருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கெண்டல் அங்கே தெரிந்தே பொய் சொல்கிறானா, அந்த நொடியில் தானே அதை நம்பிவிட்டானா என்பது வேறு. இதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஜெரமி ஸ்ட்ராங் இரண்டுக்கும் இடம் விட்டு நடித்திருக்கிறார். என் சாய்வு, சொல்லத் தொடங்கும்போது பொய்யாக இருந்தது, சொல்லி முடிக்கும்போது அவனுக்கு நம்பிக்கையாகிவிட்டது என்பது. இது சாய்வு மட்டுமே.

இனி உங்கள் மூன்று விளக்கங்களுக்கு வருகிறேன். பொறாமை என்பது தவறில்லை, ஆனால் போதாது. பொறாமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் லோகன் ஷிவைத் தனியே அழைத்து, எனக்குப் பிறகு நீதான் என்று சொல்கிறார். அவள் தன் அரசியல் ஆலோசகர் வேலையை அதற்காகக் கைவிடுகிறாள். பிறகு அவர் அதை மெல்ல மெல்லத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். ‘இல்லை’ என்றுகூட நேராகச் சொல்வதில்லை. மாட்சன் செய்ததும் எழுத்துக்கு எழுத்து அதுவே. ஒரே காயம் இரண்டு ஆண்களால் ஒரே இடத்தில் ஏற்பட்டிருக்கிறது. மூன்றாவதாக ஒருவன் அப்பாவின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ‘உனக்கும் இடம் உண்டு’ என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? இதைப் பொறாமை என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பவர்கள் இரண்டாம் சீசனை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

கணக்கு என்ற விளக்கத்துக்கு ரசிகர்கள் அதிகம். டாம் தலைவனானால் ஷிவ் தலைவனின் மனைவி, வயிற்றிலிருக்கும் குழந்தை தலைவனின் வாரிசு. கெண்டல் வென்றால் அவள் வெறும் தங்கை. ஆகவே அதிகாரத்துக்கு மிக அருகில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்பது வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு பிரதியைத் திருத்தும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, ‘இந்த முடிவு காட்சிக்கு முன்பே எடுக்கப்பட்டதா, காட்சிக்குள் எடுக்கப்படுகிறதா?’ என்பதுதான். முன்பே எடுக்கப்பட்டிருந்தால் பாத்திரம் அதை மறைத்துக்கொண்டு பேசும். வாக்கியங்கள் முழுமையாக வரும், எதிராளியை ஒரு திசையில் நகர்த்தும். காட்சிக்குள் எடுக்கப்படுகிறதென்றால் வாக்கியம் பாதியில் உடையும், காரணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். கண்ணாடி அறையில் ஷிவ் சொல்லும் காரணங்களைக் கவனியுங்கள். உனக்குத் தகுதியில்லை என்கிறாள். உன்மேல் அன்பு உண்டு, ஆனால் உன்னைச் சகிக்க முடியவில்லை என்கிறாள். நீ கொன்றவன் என்கிறாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எது பொருந்துகிறது என்று அவளே தேடுகிறாள். கணக்குப் போட்டவர் இப்படிப் பேசமாட்டார். கணக்கு பிறகு வந்திருக்கலாம், காரில் ஏறும்போது. வாக்களித்த நொடியில் அது இல்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கதாசிரியரின் கட்டாயம் என்ற மூன்றாவது விளக்கத்துக்குத்தான் நீண்ட பதில் தேவை. ஒரு விதத்தில் கட்டாயம் இருக்கிறது. அது அங்கதம் என்ற வடிவத்தின் கட்டாயம். நான்கு சீசன்களாக இந்தத் தொடர் சொல்லிவந்தது, இந்த நாற்காலி யாருக்கும் தகுதியால் கிடைப்பதில்லை, அதில் உட்காருபவரை அது பாழாக்கும் என்பதே. இந்த நிலையில் கெண்டல் வென்றிருந்தால், அவனுடைய துயரங்கள் எல்லாம் பதவிக்கான பயிற்சி என்று ஆகியிருக்கும். ஷிவ் வென்றிருந்தால், ஆண்களின் கூட்டத்தில் ஒரு பெண் ஜெயித்தாள் என்ற திருப்தியோடு எழுந்து போயிருப்போம். ரோமன் வென்றிருந்தால் வெகுளிக்குப் பரிசு. இந்த மூன்றில் எது நடந்திருந்தாலும், பரிசு பெறத்தக்கதுதான் என்று தொடரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகியிருக்கும். டாமுக்குக் கிடைக்கும்போது மட்டுமே அந்தப் பரிசின் உண்மை மதிப்பு தெரிகிறது. மாட்சன் அவனிடம் ஒளிக்காமலே சொல்கிறான்: தனக்கு வேண்டியது கூட்டாளி இல்லை, அடிகளை வாங்கி உறிஞ்சிக்கொள்ள ஒரு பஞ்சு. டாம் தலையாட்டுகிறான். மாட்சன் முன்பு ஷிவிடம் டாமைப் பற்றி விசாரித்தபோது, அவன் எங்கும் கழற்றி மாட்டக்கூடிய உதிரிபாகம் என்ற பொருளில் பதில் சொன்னவள் அவள்தான். கணவனை இகழ்வதாக நினைத்து, அவனுக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எழுத்தாளர்களின் அறையில் நாங்கள் எப்போதும் போராடுவது இதனோடுதான்: கருத்து ஒரு முடிவைக் கேட்கும், பாத்திரம் வேறொன்றைக் கேட்கும். பெரும்பாலும் ஒன்றை வளைத்து மற்றொன்றோடு இணைக்கிறோம். இணைத்த இடம் பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். ‘ஏமாற்றப்பட்டேன்’ என்ற உணர்வு அங்கேதான் பிறக்கிறது. இந்த எபிசோடில் இரண்டும் ஷிவின் ஒரே வாக்கில் சந்திக்கின்றன. அங்கதத்துக்கு டாம் வேண்டும். ஷிவுக்குக் கெண்டல் கூடாது. அவள் டாமை ஆதரிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவள் வாக்களித்தது ஒருவனுக்கு எதிராக மட்டுமே. அந்த எதிர்ப்பின் பலன் யார் மடியில் விழுகிறது என்பது அங்கதத்தின் பொறுப்பு. அதனால்தான் இதை நான் நேர்மையான முடிவு என்கிறேன்.

உங்கள் தோழி ‘ஷிவைக் கடைசியில் வெறும் மனைவியாக்கிவிட்டார்கள்’ என்று கோபப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஷிவின் தாய் கரோலின், தனக்குத் தாய்மை பொருந்தவில்லை என்று மகளிடமே சொன்னவள். பணக்காரக் கணவனின் நிழலில் வாழ்ந்து மரத்துப்போனவள். மகள் அதே இடத்தில் வந்து சேர்வதை ஆம்ஸ்ட்ராங் தெரிந்தே எழுதியிருக்கிறார். காரில் டாம் உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டுகிறான். ஷிவ் தன் கையை அதன்மேல் வைக்கிறாள். விரல்கள் மடங்குவதில்லை, யாரும் யாரையும் பற்றிக்கொள்வதில்லை. தோல்வி என்று பார்க்கலாம், புதிய பேரம் என்றும் பார்க்கலாம். ஆம்ஸ்ட்ராங்கும் எச்பிஓ வெளியிட்ட பின்னுரைப் பேட்டியில் இந்தக் கணத்தை முற்றுப்புள்ளியாகப் பேசவில்லை. உறைந்துபோன ஒரு நிலை, ஆட்டம் ஓய்ந்துவிடவில்லை என்ற தொனியிலேயே பேசினார். அதே பேட்டியில் ரோமன் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டான் என்றார். என் கருத்து: ஒரு பெண் பாத்திரத்தைத் தண்டிப்பது வேறு, அந்த உலகம் பெண்களைத் தண்டிக்கும் விதத்தைக் காட்டுவது வேறு. இங்கே நடப்பது இரண்டாவது. ஆனால் முதலாவதாக உணர்ந்தவர்களிடம் ‘உங்களுக்குப் புரியவில்லை’ என்று சொல்வது முறையல்ல. காட்சி அந்த வலியைக் கொடுக்கத்தான் செய்கிறது.

படைப்பாளியின் பேட்டிகளைச் சான்றாகக் காட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பேட்டி ஒரு பார்வையாளரின் கருத்தைவிட எடை கூடியதுதான், ஆனால் திரையில் இருப்பதற்குப் பின்னால்தான் அதற்கு இடம். கெண்டலின் கடைசிக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்ஹாட்டனின் தென்முனைப் பூங்காவில் அவன் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், பின்னால் அப்பாவின் பழைய மெய்க்காப்பாளன் காலின் நிற்கிறான். படப்பிடிப்பில் ஒருமுறை ஸ்ட்ராங் எழுதப்படாத ஒன்றைச் செய்தார். தடுப்புக் கம்பியைத் தாண்ட முயன்றார், காலினாக நடித்தவர் ஓடிவந்து தடுத்தார். ஸ்ட்ராங்கே பிறகு இதைச் சொல்லியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு ‘கெண்டல் தற்கொலை செய்துகொண்டான், அதுதான் உண்மையான முடிவு’ என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. அந்த டேக் எடிட்டிங் மேசையில் விடப்பட்டது. ஒரு நடிகர் பாத்திரத்தை எவ்வளவு தூரம் உள்வாங்கினார் என்பதற்கு அது சான்று; கதைக்குச் சான்றல்ல. இறுதி வடிவத்தில் அவன் உயிரோடு இருக்கிறான், காவலோடு இருக்கிறான், செய்ய எதுவும் இல்லாமல் இருக்கிறான்.

‘உண்மையில் லோகன் யாரைத் தேர்ந்தெடுத்திருந்தார்?’ என்ற உங்கள் துணைக் கேள்விக்கும் இதே அளவுகோல்தான். நான்காம் சீசனின் நான்காவது எபிசோடில் அவருடைய பெட்டகத்திலிருந்து தேதியில்லாத ஒரு தாள் கிடைக்கிறது. வாரிசாகக் கெண்டலின் பெயர் இருக்கிறது. பென்சிலால் ஒரு கோடு. பெயருக்கு அடியில் போட்டதா, பெயரை அடித்ததா என்று சொல்ல முடியாதபடி அது ஓடுகிறது. அந்தத் தாளை உறையவைத்துப் பெரிதாக்கி அளந்தவர்களை நான் அறிவேன். பயனில்லை. அந்தக் கோடு இரண்டுமாகத் தோன்றத்தான் அப்படி வரையப்பட்டது. கெண்டலை நாற்பது வயதுக்கு மேலும் அலைக்கழிக்க அப்பாவுக்கு வாழ்வில் தேவைப்பட்டதும் அந்தக் கோடுதான்.

இதெல்லாம் மிகை என்று உங்கள் நண்பர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். கோடீஸ்வரர்கள் இவ்வளவு சிறுபிள்ளைத்தனமாக நடந்துகொள்ளமாட்டார்கள் என்கிறாராம். ஒரு செய்தியை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். ராய் குடும்பத்துக்கு ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் குடும்பம் ஒரு முன்மாதிரி என்பது எல்லோரும் அறிந்தது. 2024 டிசம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்ட நீதிமன்ற ஆவணச் செய்தியின்படி, லோகன் இறக்கும் எபிசோடைப் பார்த்த பிறகு மர்டாக்கின் பிள்ளைகள் தங்கள் தந்தை இறந்தால் வெளியுலகுக்கு என்ன சொல்வது என்று பேசத் தொடங்கினார்கள். மகள் எலிசபெத் மர்டாக்கின் பிரதிநிதி இப்படி ஒரு நிலைமை நிஜத்தில் வராமலிருக்க ஒரு குறிப்பே தயாரித்தார். குடும்ப அறக்கட்டளை வழக்கு நெவாடா நீதிமன்றம் வரை போய், 2025 செப்டம்பரில் மகன் லாக்லன் கையில் நிறுவனங்களின் கட்டுப்பாடும், மற்ற மூன்று உடன்பிறப்புகளுக்குத் தலா ஏறத்தாழ 110 கோடி டாலரும் என்று முடிந்தது. தொடர் மிகைப்படுத்தியிருக்கிறதா என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு பரிந்து பேசியதால் குறையே இல்லை என்று நினைக்காதீர்கள். 13 பேர் கொண்ட குழுவில் ஆறுக்கு ஆறு என்று சரியாக நின்று, ஷிவ் மட்டும் மீதியாவது எழுத்தாளரின் வசதிதான். யார் எந்தப் பக்கம் என்று அந்த எபிசோட் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பதால் நமக்கு அது உறுத்தாமல் போகிறது. ஆனாலும் தையல் தெரிகிறது. இது சின்னக் குறை. எனக்குப் பெரிதாகப் படுவது தேர்தல்.

எட்டாவது எபிசோடில், ராய்களின் ஏடிஎன் சேனல் மென்கன் என்ற தீவிர வலதுசாரி வேட்பாளர் அதிபர் தேர்தலில் வென்றதாக அவசரமாக அறிவிக்கிறது. மில்வாக்கியில் எரிந்துபோன வாக்குச்சீட்டுகளைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த அறிவிப்புக்குக் கெண்டல் தலையசைத்தது ஏன் தெரியுமா? ஷிவ் எதிரணிக்குப் போன் செய்ததாகப் பொய் சொன்னதும், மாட்சனோடு அவள் வைத்திருந்த உறவும் அந்த நேரத்தில் அம்பலமானதால். ஒரு நாட்டின் தலைவிதி, தங்கைமேல் அண்ணனுக்கு வந்த ஆத்திரத்தில் முடிவாகிறது. இரண்டு எபிசோடு கழித்து ஒரு நிறுவனத்தின் தலைவிதி, அண்ணன்மேல் தங்கைக்கு வந்த ஆத்திரத்தில் முடிவாகிறது. அற்புதமான இணை. அப்படியென்றால், முதல் முடிவின் விளைவையும் நாம் பார்த்திருக்க வேண்டாமா? இறுதி எபிசோடில் வழக்கு நடக்கிறது என்று ஓரிரு வரிகள் வந்து போகின்றன, அவ்வளவுதான். ‘அந்தக் குடும்பத்துக்கு நாடு ஒரு பொருட்டே இல்லை, அதனால்தான் தொடரும் அதை மறக்கிறது’ என்று சிலர் நியாயம் சொல்கிறார்கள். எனக்கு அது சமாதானமாகவே படுகிறது. பாத்திரங்கள் மறக்கலாம், அங்கதம் மறக்கக்கூடாது. அந்தப் பிரதி திருத்தத்துக்கு என் மேசைக்கு வந்திருந்தால், கண்ணாடி அறைக்கு எதிரே, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஏடிஎன் திரையையும் அதன் அடியில் மில்வாக்கி வழக்கைப் பற்றி நகரும் ஒற்றை வரிச் செய்தியையும் கேட்டு வாங்கியிருப்பேன்.